தட்டில் ஒரே ஒரு பீச் பழம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் சான் ஹோசேயில் இருக்கிறான். ஜூலையில் நாங்கள் போகும்போது பெர்க்லியில் உள்ள 'ஷே பனீஸ்' உணவகத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறான். கீழ்த்தளத்தில் அன்றைக்கு என்ன சமைத்தார்களோ அதுதான் சாப்பாடு, நாமாக எதையும் கேட்க முடியாதாம். சில நாள் இனிப்புக்குப் பதில் ஒரு முழுப் பீச் பழத்தைத் தட்டில் வைப்பார்களாம். நாங்கள் சுத்த சைவம். இவ்வளவு பணம் கொடுத்து அங்கே போகத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள் அம்மா. அதுவும் ஜூலை என்றால் கலிஃபோர்னியாவில் தக்காளி, பீச், கத்தரிக்காய், பச்சை பீன்ஸ் எல்லாம் சேர்ந்து வரும் மாதம். சைவக்காரர்களுக்கு அதைவிட நல்ல நேரம் அமையாது.

தேர்ந்தெடுக்க முடியாது என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இலையில் விழுவதைச் சாப்பிட்டு எழுகிறோம். ஆலிஸ் வாட்டர்ஸ் 1971 ஆகஸ்ட் 28 அன்று, ஷாட்டக் அவென்யூவில் ஒரு பழைய வீட்டில் இந்த உணவகத்தைத் திறந்தபோதும் ஒரே மெனுதான். ஆலிவ் சேர்த்துச் சமைத்த வாத்துக்கறி, கடைசியில் பிளம்ஸ் பழ டார்ட், ஆளுக்கு 3 டாலர் 95 சென்ட். ஃபிரான்சில் மாணவியாக இருந்தபோது, காலையில் சந்தைக்குப் போய், கிடைத்ததை வைத்து மதியம் சமைக்கும் வழக்கத்தைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தவர் அவர். அதே மாதிரி சமைக்க வேண்டுமென்றால் மெனுவை முன்கூட்டி அச்சடித்து வைத்துக்கொண்டு காய் தேட முடியாது. காய் என்ன வருகிறதோ அதிலிருந்துதான் மெனு பிறக்கும். தோட்டத்தில் அன்றைக்கு எது பக்குவமாக இருக்கிறது என்று விவசாயி சொல்கிறார், செஃப் அதற்கேற்பத் தன் வேலையை மாற்றிக்கொள்கிறார். சின்ன உணவகத்தில் மட்டுமே இது முடியும். ஐந்நூறு பேருக்குப் பரிமாறும் இடத்தில் மூன்று கூடை பீன்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பீச் பழத்துக்கு வருகிறேன். அதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் அழகான சிவப்பில் அடுக்கியிருக்கும் பீச் பெரும்பாலும் கல் மாதிரி இருக்கும். லாரியில் அடிபடாமல் வர வேண்டுமே என்று பழுப்பதற்கு முன்பே பறித்துவிடுகிறார்கள். கலிஃபோர்னியாவிலேயே ஃபிரெஸ்னோவுக்குத் தெற்கே டெல் ரே என்ற ஊரில் டேவிட் மாஸ் மசுமோட்டோ குடும்பத்துக்கு 80 ஏக்கர் தோட்டம் உண்டு. அங்கே 'சன் கிரெஸ்ட்' என்று ஒரு பழைய ரகம். சாறு கையில் வழியும். ஆனால் தோல் போதுமான அளவு சிவக்காது, சீக்கிரம் கன்றிவிடும் என்று மொத்த வியாபாரிகள் அதை ஒதுக்கிவிட்டார்கள். மரங்களையே வெட்டிவிடலாம் என்ற நிலையில் 1987-ல் அவர் அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுத, வெட்டாதீர்கள் என்று மக்கள் கடிதம் எழுதினார்கள். மரங்கள் பிழைத்தன. அப்படி வளரும் பழங்களைத் தேடி வாங்கிய உணவகங்களுள் ஷே பனீஸும் ஒன்று. அந்தப் பழத்தின் மேல் சர்க்கரைப் பாகையும் க்ரீமையும் ஊற்றினால் அது செய்த உழைப்புக்கு மரியாதை இல்லை. முழுதாகத் தட்டில் வைப்பதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன். கத்தியை எடுக்கும் முன் ஒரு முறை காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள். மணம் அங்கேதான் தங்கியிருக்கும்.

சைவம் என்பதை முன்பதிவு செய்யும்போதே மகனைச் சொல்லச் சொல்லுங்கள். மேஜையில் உட்கார்ந்த பிறகு சொல்வது சமையலறைக்கும் கஷ்டம், உங்களுக்கும் நஷ்டம். 'வெஜிடேரியன்' என்ற ஒரு வார்த்தை போதாது. காய்கறி சூப்பாகவே இருந்தாலும் கோழி எலும்பு வேகவைத்த சாறு அதில் சேர்ந்திருக்கலாம். சில வகைச் சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் விட்டு உறைய வைக்கிறார்கள். மீன், முட்டை உட்பட எதெல்லாம் ஆகாது என்று தெளிவாக எழுதி அனுப்பினால் நல்ல சமையலறை எதுவும் முகம் சுளிக்காது.

கீழே ஆளுக்கு நூறு டாலரைத் தாண்டிவிடும். சேவைக் கட்டணத்தைப் பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள், தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. அது அதிகம் என்று தோன்றினால் மாடியில் 1980-ல் திறந்த கஃபே இருக்கிறது. அங்கே வேண்டியதைக் கேட்டு வாங்கலாம், செலவும் குறைவு. வெள்ளாட்டுப் பால் சீஸை வட்டமாக நறுக்கி, ஆலிவ் எண்ணெயிலும் மூலிகையிலும் ஊறவைத்து, ரொட்டித் தூளில் புரட்டிச் சுட்டு, இளம் கீரைகளோடு தருவார்கள். ரென்னட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டு அதை வாங்குங்கள்.

கேள்வி: என் வீட்டுக் கொல்லையில் விளையும் கீரையைத்தான் தினமும் சாப்பிடுகிறேன். தோட்டத்திலிருந்து தட்டுக்கு என்பதை அமெரிக்காவில் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி கொண்டாடுகிறார்களே, ஏன்?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: உங்கள் கொல்லையில் அது புதிதில்லை ஐயா. ஹோட்டலில்தான் புதிது. பொள்ளாச்சியிலேயே எந்த ஹோட்டலுக்காவது போய் இந்தத் தக்காளி யார் வயலில் விளைந்தது என்று கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் பதில் சொல்கிறார்கள் என்று தெரியும். அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. டின், உறைய வைத்த பாக்கெட், காயாகப் பறித்து எத்திலீன் வாயுவில் நிறமேற்றிய தக்காளி என்று இரண்டு தலைமுறை பழகிவிட்டது. வீட்டுச் சமையலிலேயே தொலைந்ததை ஒரு உணவகம் தேடிப் பிடித்ததால்தான் அந்தக் கொண்டாட்டம்.

விதை வரைக்கும் போனவர்களும் உண்டு. நியூயார்க்கின் வடக்கே பொகான்டிகோ ஹில்ஸில், ராக்ஃபெல்லர் குடும்பத்தின் பழைய பால்பண்ணைக் கட்டடங்களில், 2004-ல் 'ப்ளூ ஹில் அட் ஸ்டோன் பார்ன்ஸ்' உணவகத்தைத் திறந்தவர் சமையல்காரர் டேன் பார்பர். அங்கே வரும் பட்டர்நட் பூசணியில் தண்ணீர்தான் இருக்கிறது, ருசி இல்லை. அதைச் சின்னதாக்கி ருசியைக் கூட்ட முடியுமா என்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் புதுக் காய்கறி ரகங்களை உருவாக்கும் மைக்கேல் மசூரெக்கிடம் 2009-ல் கேட்டார். அதிலிருந்து 'ஹனிநட்' வந்தது. உள்ளங்கையில் அடங்கும், நல்ல தித்திப்பு. பழுக்கும்போது பச்சைத் தோல் ஆரஞ்சாக மாறுவதால் எப்போது பறிப்பது என்று விவசாயிக்கும் குழப்பமில்லை. சமையல்காரர் விதைக்காரரிடம் ருசி கேட்டார் என்பது எனக்குப் பெரிய விஷயம். நம் ஊரில் விளைச்சல் கேட்கிறோம், நோய் தாங்குமா என்று கேட்கிறோம். ருசியை யார் கேட்கிறார்கள்?

கேள்வி: இப்போது எல்லா ரெஸ்டாரண்டிலும் 'பண்ணையிலிருந்து நேரடியாக' என்று போர்டு இருக்கிறது. எதை நம்புவது?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: நம்பாமல் கேட்டுப் பாருங்கள். 2016-ல் அமெரிக்காவில் 'டாம்பா பே டைம்ஸ்' நாளிதழின் உணவு விமர்சகர் லாரா ரெய்லி அதைத்தான் செய்தார். மெனுவில் பேர் போட்டிருந்த பண்ணைகளுக்கே போன் போட்டு, இந்த உணவகத்துக்கு நீங்கள் பொருள் கொடுக்கிறீர்களா என்று விசாரித்தார். இல்லை என்ற பதில்தான் பல இடங்களில் வந்தது. மீன், நண்டு மாதிரிகளை மரபணுச் சோதனைக்கும் அனுப்பினார். உள்ளூர்ச் சரக்கு என்று விற்றதெல்லாம் உள்ளூர் இல்லை.

நான் பார்ப்பது மெனுவைத்தான். வருஷம் முழுக்க ஒரே மெனு என்றால் பண்ணைப் பேச்சு வீண். மழைக்காலத்தில் மாம்பழ டிஷ் இருந்தால் எழுந்துவிடலாம். பரிமாறுபவரிடம் இன்றைக்கு என்ன இல்லை என்று கேளுங்கள். 'இன்று கீரை நன்றாக வரவில்லை, எடுத்துவிட்டோம்' என்று சொல்லும் இடத்தில் தைரியமாகச் சாப்பிடலாம்.

கேள்வி: பத்து வயதுப் பேத்தி காய்கறியே தொட மாட்டாள். அவர்கள் இருப்பது ஃப்ரீமான்ட். இப்படிப்பட்ட இடத்துக்கு அவளை அழைத்துப் போகலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: ராத்திரி நீளமான சாப்பாட்டுக்கு வேண்டாம் அம்மா, குழந்தை தூங்கி வழிவாள். ஆலிஸ் வாட்டர்ஸே 1995-ல் பெர்க்லியில் மார்ட்டின் லூதர் கிங் நடுநிலைப் பள்ளியில் தோட்டமும் சமையலறையும் தொடங்கினார். பிள்ளைகளே நட்டு, பறித்து, சமைத்துச் சாப்பிடுவார்கள். அதே வழியைப் பிடியுங்கள். பெர்க்லியில் வியாழக்கிழமை ஷாட்டக் அவென்யூவும் வைன் தெருவும் சேரும் இடத்தில் விவசாயிகள் சந்தை கூடும், நான் காய் வாங்குவது அங்கேதான். கடைக்காரர்கள் நறுக்கி ருசி பார்க்கத் தருவார்கள். பேத்தி கையில் பத்து டாலரைக் கொடுத்துப் பிடித்ததை வாங்கச் சொல்லுங்கள். அவள் பொறுக்கி எடுத்ததை அன்றைக்கே வீட்டில் சமையுங்கள். உணவகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.