30 கி.மீ. குதிரைச் சவாரி: ஊர்க்காரர்களே நடத்துவது எப்படி?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் மஞ்சளும் கரும்பும் போட்டிருக்கிறேன். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய மார்வாரிக் கலப்புக் குதிரைகள் இரண்டு உள்ளன. சுற்றுவட்டாரத்தில் குதிரை வைத்திருக்கும் நண்பர்கள் சேர்ந்து, வாய்க்கால் கரையிலும் தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேரித் தடத்திலும் நெடுந்தூரச் சவாரி ஒன்று நடத்த ஆசைப்படுகிறோம். ஆள் வைத்துச் செய்ய வசதியில்லை, எல்லா வேலையையும் நாங்களே பார்க்க வேண்டும். எத்தனை கிலோமீட்டர் வைக்கலாம்? என்னென்ன ஏற்பாடு தேவை? முதலில் வருபவருக்குப் பணப் பரிசு வைக்கலாமா ஐயா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்ற ஏற்பாடுகளெல்லாம் அதைப் பொறுத்தே அமையும். முதலில் வருபவருக்குப் பணம் வைக்காதீர்கள். பணம் வைத்த நிமிடமே அது பந்தயமாகிவிடும். குதிரையின் மூச்சைக் கவனிக்க வேண்டியவர் முன்னால் போகும் குதிரையைத்தான் கவனிப்பார்.

கலிஃபோர்னியாவில் 1955இல் தொடங்கிய டெவிஸ் கோப்பைச் சவாரி, சியரா நெவாடா மலையைக் கடந்து ஆபர்ன் நகர் வரை 100 மைல் போகிறது. 24 மணி நேரத்துக்குள் முடித்து, அப்போதும் குதிரை நல்ல நிலையில் இருந்தால், வந்த எல்லாருக்கும் ஒரே வெள்ளி பெல்ட் பக்கிள்தான். முதல் பத்து இடங்களுக்குள் வந்தவற்றில் உடல்நிலை சிறந்த குதிரைக்குத் தனியாக ஹாகின் கோப்பை உண்டு. நீங்களும் அப்படியே செய்யுங்கள். முடித்த எல்லாருக்கும் ஒரே மாதிரி நினைவுப் பரிசு, பெரிய பரிசு சிறந்த உடல்நிலைக்கு.

தூரம் முதல் வருடம் 30 கி.மீ. போதும். 15 கி.மீ. சுற்று இரண்டாக, ஒரே தோப்பிலிருந்து கிளம்பி அதே தோப்புக்குத் திரும்பும்படி வைத்தால் மருத்துவர், தண்ணீர், நிழல் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். புதியவர்கள் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு மருத்துவர் இருந்தால் 15 குதிரைக்கு மேல் பெயர் பதியாதீர்கள். எத்தனை குதிரையைச் சரியாகப் பரிசோதிக்க முடியுமோ அத்தனை குதிரைக்குத்தான் உங்களிடம் இடம் இருக்கிறது. மற்ற எல்லாரும் தன்னார்வலர்களாக இருக்கட்டும். மருத்துவருக்கு மட்டும் ஊதியம் கொடுங்கள், அவருடைய சொந்தக் குதிரை அதில் ஓடக் கூடாது. "இந்தக் குதிரை போதும், நிறுத்து" என்று அவர் சொன்னால் ஊர்ப் பெரியவர் குதிரையானாலும் நிற்க வேண்டும். இதைப் பெயர் பதியும்போதே எழுதி வாங்குங்கள்.

இனி நாடித்துடிப்பு. இதைச் சரியாகச் செய்தால் பாதிச் சிக்கல் வராது. ஓய்வில் இருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும். ஓடி வந்த குதிரை 64க்கு இறங்க வேண்டும் என்பது சர்வதேச எண்டூரன்ஸ் (நெடுந்தூரச் சவாரி) போட்டிகளில் உள்ள அளவு. முதல் சுற்று முடிந்து வந்ததும் ஒருவர் நேரத்தைக் குறிக்கிறார். துடிப்பு 64க்கு வந்த பிறகுதான் 40 நிமிட ஓய்வுக் கணக்கு தொடங்க வேண்டும். விரட்டி வந்தவரின் குதிரைக்குத் துடிப்பு இறங்கவே நேரம் பிடிக்கும். கடைசி ஒரு கிலோமீட்டரை நடத்திக்கொண்டு வந்தவர் அவருக்கு முன்பே கிளம்பிவிடுவார். வேகக் கட்டுப்பாட்டை நீங்கள் வாயால் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி நேரத்திலும் 64க்கு இறங்காத குதிரை அன்றைக்கு அத்தோடு நிற்கட்டும்.

துடிப்பு எண்ண மருத்துவப் படிப்பு தேவையில்லை. ஸ்டெதாஸ்கோப்பை இடது முழங்கைக்குப் பின்னால், வார் கட்டும் இடத்தில் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கவும். 15 விநாடியில் 16 வந்தால் 64. லப், டப் இரண்டும் சேர்ந்து ஒரு துடிப்பு. புதிதாக எண்ணுபவர்கள் இரண்டாக எண்ணிவிட்டு நல்ல குதிரையை நிறுத்திவிடுவார்கள். கல்லூரி படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு ஒரு மாதம் முன்பே உங்கள் குதிரைகளில் பழக்கிக் கொடுங்கள். மருத்துவர் பார்ப்பது வேறு: கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிகிறதா, ஈறை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா, வயிற்றில் குடல் சத்தம் இருக்கிறதா, டிராட் எனும் மிதமான ஓட்டத்தில் நொண்டுகிறதா. அவர் சொல்வதை எழுத ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நம்மூரில் ஒரு தவறான பழக்கம் உண்டு. சூடாக வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டினால் வயிற்றுவலி வரும் என்று தடுத்துவிடுகிறார்கள். வெயிலில் உழைக்கும் குதிரை மணிக்கு 10 லிட்டருக்கு மேல் வியர்வையாக இழக்கலாம். அதன் வியர்வையில் உப்பும் நம்முடையதைவிட அதிகம். தடுத்தால்தான் ஆபத்து. வழியில் 7, 8 கி.மீ.க்கு ஓரிடத்தில் தண்ணீர் வைத்து, விரும்பிய அளவு குடிக்க விடுங்கள், குடித்ததும் மெதுவாக நடத்திச் செல்லட்டும். கழுத்து, மார்பு, தொடைகளின் உட்புறம் எல்லாம் பச்சைத் தண்ணீரை விடாமல் ஊற்றலாம். ஈரச் சாக்கைப் போர்த்தாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். ஓய்வில் பச்சைப்புல்லோ உலர்புல்லோ போடுங்கள், கொள்ளுத் தானியத்தை அன்று காலையில் நிறையக் கொடுக்க வேண்டாம்.

ஒவ்வொருவரும் தங்கள் வாளியைத் தாங்களே கொண்டுவரட்டும், ஒரே தொட்டியில் எல்லாக் குதிரையும் வாய் வைக்கக் கூடாது. குதிரைக் காய்ச்சல் 1987இலும் 2008-09இலும் இந்தியாவில் பல மாநிலங்களில் பரவியது. கிளாண்டர்ஸ் என்னும் பாக்டீரியா நோய் இன்னும் கொடியது. மனிதருக்கும் தொற்றும், நோய் கண்டால் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். கால்நடை மருத்துவரைக் கொண்டு ரத்த மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் வரை மாதிரி போக வேண்டியிருந்தால் முடிவு வரக் காலம் பிடிக்கும், அதனால் இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மூக்கொழுகலோ காய்ச்சலோ உள்ள குதிரையை வண்டியிலிருந்தே இறக்கவிடாதீர்கள்.

4 வயது முடியாத குதிரையைச் சேர்க்காதீர்கள். அமெரிக்க எண்டூரன்ஸ் சங்கத்தில் 25 மைல் ஓடவே 48 மாதம் ஆகியிருக்க வேண்டும், 50 மைலுக்கு 60 மாதம். இங்கே இரண்டரை வயதுக் குட்டியை வண்டியில் கட்டுவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. நிறைசினைக் குதிரையும் பால் கொடுக்கும் குதிரையும் வேண்டாம். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 350 கிலோ குதிரைக்கு 70 கிலோ. முள் கடிவாளம் 1965ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்பு விதிகளிலேயே தடை செய்யப்பட்டது. பரிசோதனையில் கண்டால் திருப்பி அனுப்புங்கள். லாடத்தை ஒரு வாரம் முன்பே கட்டிவிட வேண்டும், முந்தைய நாள் கட்டி ஆணி குத்திவிட்டால் சரிசெய்ய நேரம் இருக்காது.

நாள் என்றால் மார்கழிக் கடைசி நல்லது. மழை விட்டிருக்கும், மஞ்சள் வெட்டும் முழுவீச்சில் தொடங்கியிருக்காது. நன்றாக விடிந்ததும் காலை 7 மணிக்கு முதல் குதிரை, அதன்பின் 2 நிமிடத்துக்கு ஒன்று என அனுப்பினால் நண்பகலுக்குள் முடிந்துவிடும். வாய்க்கால் கரைக்கு நீர்வளத்துறையிடமும், சாலையைக் கடக்கும் இடங்களுக்குக் காவல்துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கால்நடை பராமரிப்புத் துறைக்கும் மனு கொடுங்கள். காப்புக்காட்டுப் பக்கம் வழி போட வேண்டாம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் பக்கத்தில் இருக்கிறது, தோட்டங்களுக்கு இடையே உள்ள இட்டேரிகளே உங்களுக்குப் போதும். தோட்டக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள், நாய்களைக் கட்டி வைக்கச் சொல்லுங்கள்.

வழிக்குறியாகத் துணிப் பட்டைகளை எல்லாம் வலது பக்கமே கட்டுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், மாடு தின்றுவிடும். திருப்பத்துக்கு முன்னால் மூன்று, திரும்பியதும் இன்னொன்று, போகக் கூடாத பாதையின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு. முந்தின நாள் மாலை கட்டியதை ஆடு இழுத்திருக்கும், பிள்ளைகள் எடுத்திருப்பார்கள். அதனால் விடியலில் பைக்கில் ஒருவர் முழுச் சுற்றும் பார்த்துவர வேண்டும். கடைசிக் குதிரைக்குப் பின்னால் அனுபவமுள்ள இருவர் சவாரி போய், பட்டைகளை அவிழ்த்துக்கொண்டே வரட்டும். யாராவது வழியில் விழுந்துகிடந்தால் இவர்கள் கண்ணில்தான் படும். தன்னார்வலர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, ஓர் இடம், ஒரு மாற்று ஆள் என்று தாளில் எழுதிக் கொடுங்கள்.

பின்னங்கால் சதை இறுகி நடக்க மறுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அந்தக் குதிரையை ஓரடிகூட நடத்தக் கூடாது. இருக்கும் இடத்திலேயே நிறுத்தி மருத்துவரை அங்கே வரவழையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 எண்ணும் மனிதருக்கான 108 எண்ணும் எல்லார் கையிலும் இருக்கட்டும். முடித்த குதிரையையும் உடனே வண்டியில் ஏற்றாதீர்கள். இரண்டு மணி நேரம் நிழலில் நின்று, தின்று, குடித்து, சாணமும் போட்ட பிறகு மருத்துவர் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் தோப்பை விட்டுப் போகலாம் என்று விதி வையுங்கள். சிறந்த உடல்நிலைப் பரிசையும் அந்தப் பரிசோதனைக்குப் பிறகே அறிவியுங்கள்.