மனநோய் உள்ளவரைச் சம்மதமில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் சட்டத்தைத் தளர்த்த வேண்டுமா?

அண்ணன் மாத்திரையை நிறுத்திவிட்டார், டாக்டரிடம் வர மறுக்கிறார், குடும்பம் கையெழுத்துப் போட்டாலே சேர்த்துக்கொள்ளும்படி 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றக்கூடாது என்பதுதான் என் பதில். எங்கள் சித்தப்பாவுக்கும் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய், அதனால் உங்கள் தவிப்பு தெரிந்தே சொல்கிறேன்.

89வது பிரிவைப் படித்துப் பாருங்கள். அடிதடி, தற்கொலை முயற்சி என்றால்தான் சேர்க்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தான நிலைக்குப் போவதும் அதில் ஒரு காரணம். அண்ணன் தன் சார்பில் பேச யாரையும் பிரதிநிதியாக எழுதிக்கொடுக்காவிட்டால் உறவினரான நீங்களே விண்ணப்பிக்கலாம். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரும் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொண்டால் 30 நாள் வரை வைத்திருக்கலாம். இப்படிச் சேர்ப்பது சரியா என்று பார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளுக்குள், பெண் என்றால் 3 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். இதைக்கூட எடுத்துவிட்டால் சொத்துத் தகராறில் தம்பியை உள்ளே தள்ளும் அண்ணனை யார் கேட்பது? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 28 பேர் சங்கிலியோடு எரிந்து செத்தார்களே, அவர்களில் பலரைக் கொண்டுபோய் விட்டதும் குடும்பங்கள்தான், வேறு வழி தெரியாமல்.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. சித்தப்பா மாத்திரையை நிறுத்தினால் எங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும், ராத்திரி தூங்கமாட்டார், டிவியை அணைக்கச் சொல்வார், சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பார். அந்த நேரத்தில் விவரம் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வந்து பேசினாலே பாதி பிரச்சினை தீரும். ஆனால் போன் செய்தால் ‘கூட்டிக்கிட்டு வாங்க’ என்கிறார்கள். கூட்டிக்கொண்டு போக முடிந்தால் ஏன் போன் செய்யப் போகிறோம்? கடைசியில் கதவை உடைக்கும் அளவுக்கு முற்றி, தெருவே வேடிக்கை பார்க்க, ஆட்டோவில் இரண்டு பக்கமும் பிடித்து உட்கார்ந்து கொண்டுபோனோம். அதற்கப்புறம் அவர் எங்கள் யாரிடமும் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

குடும்பத்துக்குத் துணையாக, வீட்டோடு இருந்தே மறுவாழ்வு பெறச் சேவைகளை அரசு தர வேண்டும் என்று 18வது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. திருத்தம் வேண்டியது அங்கேதான்: குடும்பம் கூப்பிட்டால் 48 மணி நேரத்துக்குள் ஒரு செவிலியரும் சமூகப் பணியாளரும் வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்று கெடு வைக்கட்டும், பெரம்பூரோ வேளச்சேரியோ எங்கே இருந்தாலும் சரி.

இப்போதைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் பேசி, அண்ணனை எப்படி அணுகுவது என்று கேளுங்கள். அவர் தெளிவாக இருக்கும் நாளில், தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், என்ன வேண்டாம், யார் தன் பிரதிநிதி என்று 5வது பிரிவின்படி எழுதி வைக்கச் சொல்லுங்கள். எந்த மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் அதில் வரட்டும், அவர் நிறுத்தியதற்கே அதுதான் காரணமாக இருக்கலாம்.