இனத்தைப் பற்றி வாய் திறக்கலாமா?

கேள்வி: வாடகைக்கு வீடு கேட்டு வந்த ஆப்பிரிக்க மாணவருக்குக் கொடுக்காதே, அவர்கள் அப்படித்தான் என்று நண்பரிடம் சொன்னேன். என்னை இனவாதி என்கிறார். இனத்தைப் பற்றி உள்ளதைப் பேசவே கூடாதா?

பதில்: தாராளமாகப் பேசலாம். பேசாமல் விட்டதால்தான் பலருக்குக் கேடு வந்திருக்கிறது.

கொரோனா நாட்களில் நாமும் விரலில் மாட்டிக்கொண்டோமே, பல்ஸ் ஆக்சிமீட்டர். தோல் வழியே ஒளியைச் செலுத்தி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவி. கறுப்பின நோயாளிகளிடம் அது தவறாகக் காட்டுகிறது என்று 1990-லேயே அமெரிக்காவில் ஒரு ஆய்வு சொன்னது. பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் கருவி 92 முதல் 96 சதவீதம் காட்டிய நேரங்களில் எடுத்த தமனி ரத்தச் சோதனைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 சதவீத அளவீடுகளில், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதத்தில். இனத்தின் பெயரைச் சொல்லித்தான் எழுதினார்கள். சொல்லாமல் இருந்தால் மூச்சுத் திணறும் ஒருவரை 'நன்றாக இருக்கிறீர்கள்' என்று வீட்டுக்கு அனுப்பும் ஆபத்து அப்படியே இருந்திருக்கும். கறுத்த விரல் நமக்கும் உண்டு என்பதால் எனக்கு இதில் தனி அக்கறை.

இன்னொரு பேச்சும் அதே நாட்டில் நடந்தது. கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம் என்ற அனுமானத்தில், சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று காட்ட 1999-ல் வந்த கணக்கீடு அவர்களுடைய அளவை மட்டும் சுமார் 1.2-ஆல் பெருக்கியது. பழுதான சிறுநீரகம் தாளில் நல்லதாகத் தெரிந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பலர் தாமதமாகச் சேர்ந்தார்கள். 2021-ல் சிறுநீரக மருத்துவ அமைப்புகள் அந்தப் பெருக்கலைக் கைவிடச் சொன்னதற்குப் பிறகு, இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கொடுக்கும் உத்தரவு 2023-ல் நடைமுறைக்கு வந்தது.

முதல் பேச்சு ஒரு கருவியின் பிழையை அளந்து பார்த்துச் சொன்னது. இரண்டாவது, எதிரே இருக்கும் ஆளைச் சோதிக்காமல் இனத்தை வைத்து முடிவு கட்டியது. உங்கள் பேச்சு இரண்டாவது வகை. நீங்கள் எத்தனை ஆப்பிரிக்க மாணவர்களோடு பழகினீர்கள்? கடிதத்தில் ஒருவர்கூட இல்லை. 'அப்படித்தான்' என்றால் எப்படி என்றும் இல்லை. நண்பர் கோபப்பட்டது நியாயம்.

வாடகை ஒழுங்காக வருமா என்பது கவலையென்றால் எல்லோரிடமும் வாங்குகிற அட்வான்ஸை இவரிடமும் வாங்கலாம், ஒப்பந்தம் போடலாம். அந்த மாணவர் இன்னும் வீடு தேடிக்கொண்டிருந்தால், கொடுக்கச் சொல்லி நண்பருக்கு இன்றே ஒரு போன் போடுங்கள்.