கம்பியை இழுத்துச் சோதிப்பவர்களின் கடிதங்கள்: கேள்வி-பதில்

காப்பர் கம்பியின் இழுவலிமை எவ்வளவு? உடனே பதில் வேண்டும்.

மருந்துக்கடையில் போய் "மருந்து என்ன விலை" என்று கேட்பீர்களா? அனீல் செய்ததா (சூடாக்கி மிருதுவாக்கியதா), அச்சில் இழுத்து மெலிதாக்கியபடியே விட்டதா என்று எழுதவில்லை. முன்னது 220-250 மெகாபாஸ்கல் (அறுக்கும் விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தது), பின்னது 400 பக்கம் போகும். அடுத்த முறை பாதிக் கடிதம் போடாதீர்கள்.

36 கேஜ் (தடிமன் எண்) வைண்டிங் கம்பி, மோட்டார் சுருளுக்கு. பழைய சரக்கு 700 கிராமில் அறுந்தது, வேறு ஊரிலிருந்து வந்த புதுச் சரக்கு 300 கிராமிலேயே அறுகிறது. மட்டமான சரக்கா? (ரீவைண்டிங் பட்டறை, கோவை)

சரக்கில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. நம் ஊரில் 36 என்றால் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கேஜ், விட்டம் 0.193 மி.மீ. அமெரிக்க ஏ.டபிள்யூ.ஜி.யில் 36 என்றால் 0.127 மி.மீ.தான். குறுக்குவெட்டுப் பரப்பு பாதிக்கும் குறைவு. பில்லில் எந்த கேஜ் என்று பாருங்கள், இல்லையென்றால் அளந்து பாருங்கள்.

0.2 மி.மீ. மிருதுவான காப்பர் கம்பி. ஒரே சுருளில் ஆறு துண்டு இழுத்தால் 210-லிருந்து 255 மெகாபாஸ்கல் வரை வருகிறது. மெஷினைக் கேட்டால் சரியாக இருக்கிறது என்கிறார்கள். விட்டத்தை மைக்ரோமீட்டரில் துண்டுக்குத் துண்டு அளந்தோம்.

கடைசி வாக்கியத்திலேயே பதில் இருக்கிறது. இந்தப் புலம்பலை எத்தனை தடவை எழுதிவிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை.

0.01 மி.மீ. வரை காட்டும் மைக்ரோமீட்டரில் 0.2 மி.மீ. கம்பியை அளந்தால், ஒரு கோடு தவறினாலே விட்டத்தில் 5 சதவீதம் போச்சு. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது 10 சதவீதம். ஆறு துண்டும் ஏறக்குறைய 7.2 நியூட்டனில்தான் அறுந்திருக்கும். அதை 0.19-இன் பரப்பால் வகுத்தால் 255, 0.21-இன் பரப்பால் வகுத்தால் 210. உங்கள் இரண்டு எண்களும் வந்துவிட்டன, பார்த்தீர்களா? கம்பியின் வலிமை அப்படியே இருக்க, உங்கள் கை மட்டும் ஆடியிருக்கிறது. போதாக்குறைக்கு மைக்ரோமீட்டரின் ராட்செட்டை (அளவோடு நழுவும் நுனித் திருகை) திருகாமல் திம்பிளையே (பெரிய உருளையையே) இறுக்குவார்கள். மிருதுவான காப்பர் அதில் நசுங்கும்.

மைக்ரோமீட்டரை மூடி வைத்துவிட்டுத் தராசுக்குப் போங்கள். சரியாக ஒரு மீட்டர் வெட்டி, 0.1 மில்லிகிராம் காட்டும் தராசில் நிறுங்கள். 0.28 கிராம் பக்கம் வரும். அதை 8.9 ஆல் வகுத்தால் சதுர மில்லிமீட்டரில் பரப்பு கையில் இருக்கும், 0.0315 என்று. நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் பிழை 0.1 சதவீதம்தான். ஒரு குறை உண்டு: அந்த ஒரு மீட்டருக்கான சராசரியைத்தான் இது சொல்லும், நடுவில் ஓரிடத்தில் மெலிந்திருந்தால் காட்டாது.

இனாமலை (கம்பி மேல் பூசிய காப்புப் பூச்சை) எடுத்துவிட்டு நிறுங்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில் 0.2 மி.மீ. கம்பியை இனாமலோடு 0.23 என்று அளந்து, பரப்பை மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் கணக்குப் போட்டு, நல்ல லாட் ஒன்றை "வலிமை போதாது" என்று திருப்பி அனுப்பியவன் நான். கையெழுத்தும் என்னுடையது. சப்ளையர் ஒரு துண்டை உரித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், வேறொன்றும் பேசவில்லை. அப்புறம், உரிக்கிறேன் என்று பிளேடால் சுரண்டவும் வேண்டாம், கீறல் விழுந்த இடத்தில்தான் அறும். பெயின்ட் ரிமூவரில் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள்.

அதே 0.2 மி.மீ. கம்பிதான். எங்கள் மெஷினில் விசையை அளக்கும் லோட் செல் ஒரு டன். சான்றிதழ் செல்லுபடியாகும். பிறகென்ன?

அரிசி மூட்டைத் தராசில் ஏலக்காய் நிறுக்கிறீர்கள். சான்றிதழில் எந்த விசையிலிருந்து சரிபார்த்தார்கள் என்று படியுங்கள். பெரும்பாலும் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்தான் இருக்கும். உங்கள் செல்லுக்கு அது 200 கிலோ. உங்கள் கம்பி ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை. 2 கிலோ செல் வாங்குங்கள்.

எப்போதும் ஜா (கம்பியைக் கடித்துப் பிடிக்கும் தாடை) ஓரத்திலேயே அறுகிறது.

தட்டை ஜா கடிக்கிறது. உருளையில் இரண்டு மூன்று சுற்று சுற்றிப் பிடிக்கும் கிரிப்பைப் பயன்படுத்துங்கள். ஓரத்தில் அறுந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஸ்பிரிங் ஸ்டீல் கம்பியின் யங் குணகம் (விறைப்பைக் காட்டும் எண்) 90 கிகாபாஸ்கல் வருகிறது. ஸ்டீல் போலியா? (பாலிடெக்னிக் மாணவர், சேலம்)

ஸ்டீலுக்கு 200 சுமார் வர வேண்டும். நீங்கள் கிராஸ்ஹெட் (மெஷினின் நகரும் தலை) நகர்ந்த தூரத்தையே நீட்சி என்று எடுத்திருப்பீர்கள். அதில் ஜாவில் வழுக்கியது, மெஷின் வளைந்தது, சுருளிலிருந்து வந்த கம்பி நிமிர்ந்தது எல்லாம் கலந்திருக்கும். கம்பி மேலேயே எக்ஸ்டென்சோமீட்டர் (நீட்சியை அளக்கும் கருவி) மாட்டுங்கள். மெல்லிய கம்பி அதன் கனத்தைத் தாங்காது என்றால் கேமரா வகை. ஆரம்பத்தில் சிறிது முன்விசை கொடுத்து நிமிர்த்துங்கள். நகத்தில் இழுத்து நிமிர்த்த வேண்டாம். மிருதுவான காப்பர் என்றால் அதிலேயே இறுகிவிடும்.

ஐந்து துண்டில் ஒன்று மட்டும் குறைவு. விட்டுவிட்டுச் சராசரி போடலாமா?

ஏன் குறைந்தது என்று சொல்ல முடிந்தால் விடலாம்: ஜாவில் அறுந்தது, கீறல் இருந்தது. "அழகாக இல்லை" என்பது காரணமில்லை. காரணம் கிடைக்காவிட்டால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

சாஃப்ட்வேர் வலிமையை 231.4738 மெகாபாஸ்கல் என்று காட்டுகிறது. எத்தனை தசமம் எழுத வேண்டும்?

விட்டம் எதில் அளந்தீர்கள்? மைக்ரோமீட்டரா? அப்படியானால் 230 என்று எழுதுங்கள், அதுவே அதிகம்.