வாசகர் கேள்வி - பதில்: சொத்துவரியை நிர்ணயிப்பது யார்?

கேள்வி: 2022-இல் ஏற்றிய சொத்துவரியைப் பற்றி வார்டு உறுப்பினரிடம் கேட்டால், "எல்லாம் கோட்டையில் போட்ட உத்தரவு" என்கிறார். தீர்மானம் நிறைவேற்றியது நகர்மன்றம்தானே? இது தட்டிக்கழிப்பது ஆகாதா? - பொள்ளாச்சி வாசகர்

பதில்: அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. எந்த வரியை, எந்த வரம்புக்குள் நகராட்சி விதிக்கலாம் என்பதை மாநிலச் சட்டமன்றமே சட்டமியற்றி அனுமதிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243-எக்ஸ் பிரிவு. 2018-இல் வரியை உயர்த்தியதும், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் அந்த உயர்வை நிறுத்திவைத்ததும் மாநில அரசுதான். அப்போது வரவு செலவுத் திட்டத்தில் விழுந்த பள்ளத்தை எப்படி நிரப்புவது என்று நகராட்சிகளை யாரும் கலந்து பேசியதாகத் தெரியவில்லை. பின்னர், சொத்துவரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்காத மாநிலங்களின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022-23 முதல் மானியம் கிடையாது என்று மத்திய நிதியைப் பகிர்ந்தளிக்கப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை விதித்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்து ஆறு வாரங்கள் கழித்து, 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவீதம் என்று சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களுக்கு உயர்வு அறிவிக்கப்பட்டது. மன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றி ஆட்சேபம் கேட்டன என்றாலும், விகிதத்தை அவை வகுக்கவில்லை.

மீதிக் கால்வாசிக்கு உங்கள் உறுப்பினர் பதில் சொல்லியாக வேண்டும். மாடி எழுப்பிய பிறகும் பழைய பரப்புக்கே வரி கட்டும் கட்டடங்களையும், வணிகத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டுக் குடியிருப்புக் கணக்கிலேயே இருக்கும் வீடுகளையும் கண்டுபிடிக்கச் சொல்லி மன்றத்தில் கேட்பதற்கு எந்த அரசாணையும் தடையாக இல்லை.

கேள்வி: மனை வாங்கிப் பத்திரம் பதியும்போது கட்டும் பணத்தில் ஊருக்கு ஏதேனும் சேருகிறதா? - உடுமலை வாசகி

பதில்: சேருகிறது. ஏழு சதவீத முத்திரைத் தீர்வையில் இரண்டு சதவீதம் சொத்து மாற்றத்துக்கான கூடுதல் தீர்வை. பதிவுத்துறை வசூலித்து உள்ளாட்சிக்குத் தரும் பங்கு அது. 2017 ஜூனில் அரசு, பத்திரப் பதிவுக்காகத் தான் நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. கூடவே பதிவுக் கட்டணத்தை ஒரு சதவீதத்திலிருந்து நான்காக உயர்த்தியது; அந்தக் கட்டணம் 2023 வரை இருந்தது. அப்போது வழிகாட்டி மதிப்பிலேயே பதிவான 30 லட்ச ரூபாய் மனையை எடுத்துக்கொள்வோம். அதன் மதிப்பு 20,10,000 ஆனதும் நகராட்சியின் பங்கு 60,000 ரூபாயிலிருந்து 40,200 ஆனது. அரசுக்கோ தன் பங்கான ஐந்து சதவீத முத்திரைத் தீர்வையில் 49,500 குறைந்தாலும் பதிவுக் கட்டணத்தில் 50,400 கூடியது. வாங்குபவருக்கு மிச்சமான 18,900 ரூபாய் முழுவதும் ஊர்ப் பங்கிலிருந்தே போனது. அரசுக்கு அந்தப் பத்திரத்தில் 900 ரூபாய் லாபம் கிடைத்தது.