பலா மரத்தில் கையால் மின் பேஸ் கிற்றார் செய்யலாமா? யாழ்ப்பாணத்தில் எந்த மரம் வாங்குவது?

உடலுக்குப் பலா தாராளமாகப் போதும். வீணையையும் மிருதங்கத்தையும் அதில்தானே கடைகிறார்கள்! மின் கிற்றாரில் கம்பியின் அதிர்வை எடுப்பது அதன் கீழுள்ள காந்தச் சுருள்; ஆகவே உடல் மரத்துக்காக மண்டையை உடைக்க வேண்டாம்.

கழுத்துதான் தலைவலி. நான்கு கம்பிகளும் சேர்ந்து அதை 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அரைகுறையாக உலர்ந்த மரம் முறுகிவிடும். மரக்காலையில் நார் நேராக ஓடும், நன்றாக உலர்ந்த தேக்குப் பலகையைக் கேளுங்கள். பச்சை மரத்தை மலிவென்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். கழுத்துக்குள் முறுக்கித் திருத்தக்கூடிய இரும்புத் தண்டு கட்டாயம் வேண்டும்.

அமெரிக்கக் கிற்றார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பேஸின் கம்பி நீளமான (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டையான நட்டிலிருந்து உடலிலுள்ள கம்பிப் பாலம் வரை) 34 அங்குலமே இன்றும் வழக்கம். அதை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டை) இடம் 1.908 அங்குலம். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்து, விடையை முன்னையதோடு கூட்டிக்கொண்டே போனால், 12ஆவது ஃபிரெட் சரியாக 17 அங்குலத்தில் விழும். ஒவ்வொன்றையும் கழுத்தின் தலைப்பக்க நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். ஃபிரெட்டுக்கு ஃபிரெட் அளந்தால் சிறுபிழைகள் சேர்ந்து சுருதி கெடும்.

கம்பிப் பாலத்தைக் கழுத்து பூட்டிய பின்னரே பொருத்துங்கள்.