‘அம்மா’ என்று அடித்தால் ‘அனா’ வருகிறது!

(பாளையங்கோட்டையில் இருபது வருடமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, வாசகர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, தள்ளித் திறக்கும் பழைய பட்டன் போன்களைப் பற்றியவை.)

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் அம்மாவுக்கு 63 வயது. நாற்பது வருடம் பீடி சுற்றிய கை. டச் போனில் நான் விரல் வைத்தால் வேலை செய்கிறது, அம்மா வைத்தால் அசையமாட்டேன் என்கிறது. அண்ணன் பீரோவில் போட்டு வைத்திருந்த நோக்கியா ஸ்லைடு போனை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் சொல்லிக் கொடுத்ததில் சண்டைதான் மிச்சம். “இந்தச் சனியனை நீயே வச்சுக்கோட்டி” என்கிறார். எப்படிப் பழக்குவது?
– ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: தாயி, ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டு நாளும் போன் யார் கையில் இருந்தது? உங்கள் கையில் என்றால், சண்டை வராமல் என்ன செய்யும்?

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 2009-ல் என் அத்தைக்கு இதே மாதிரி ஒரு போனை வாங்கிக் கொடுத்து, கடைக்குள் ஸ்டூலில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். அத்தை ஒரு பட்டன் தப்பாக அழுத்தினால் போதும், “இங்க தாங்க” என்று வாங்கி, டக்டக்கென்று நானே சரிசெய்து திருப்பிக் கொடுப்பேன். நாலாவது தடவை நீட்டியபோது அத்தை வாங்கவில்லை. “நீதான் நல்லா அமுக்குதியே, நீயே வச்சுக்க” என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வாய் மட்டும்தான் பேசியது. ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் அத்தை தானாகவே மாமாவுக்குப் போன் போட்டுவிட்டார். மாமா எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார், அது வேறு விஷயம்.

அம்மாவின் விரல் மேல் குற்றமில்லை என்பதை அவரிடமே சொல்லுங்கள். டச் கண்ணாடி அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. விரல் பட்டால் மின்சாரத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தைத்தான் பார்க்கிறது. காய்ந்து தடித்த தோல் என்றால் அதற்கு ஆள் வந்தது தெரியாது. பீடி சுற்றுகிறவர்களுக்கு ரேஷன் கடையில் கைரேகை விழாமல் போவதும் தேய்ந்த விரலால்தான். பட்டனுக்கு இந்த வம்பெல்லாம் இல்லை, அமுக்கினால் அமுங்கும்.

சரி, திறப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் நாள் வேறு எதுவும் வேண்டாம். போனை அணைத்துவிட்டு அம்மா கையில் கொடுங்கள். புதிதாகப் பிடிக்கிற எல்லோரும் கண்ணாடி மேல் கட்டைவிரலை வைத்துத் தள்ளுவார்கள்; வழுக்கும். திரைக்குக் கீழே, பட்டன்களை ஒட்டி ஒரு மேடான விளிம்பு இருக்கும். விரல் அங்கே உட்கார வேண்டும். தீப்பெட்டியைத் திறக்கிற அதே தள்ளுதான். பாதி தூரம்தான் நாம் தள்ள வேண்டும், அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மீதியைத் தள்ளிவிடும். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். முதல் தடவை எல்லோரும் அந்தச் சத்தத்தில் “உடைஞ்சிட்டோ” என்று பயப்படுவார்கள். உடையாது, அப்படித்தான் சத்தம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிவி பார்த்துக்கொண்டே ஐம்பது தடவை திறந்து மூடட்டும்.

மறுநாள் பக்கத்து அறையிலிருந்து நீங்கள் கூப்பிடுங்கள். திறந்தால் பேசலாம், மூடினால் கட் ஆகும். ஸ்லைடு போனின் அழகே இதுதான். பச்சை எது, சிவப்பு எது என்று தேட வேண்டாம். திறந்தும் பேச்சு வரவில்லை என்றால் கால் செட்டிங்ஸில் அந்த வசதி அணைந்திருக்கும், போட்டுவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பேசி முடித்து மூடாமல் கட்டிலில் வைத்துவிட்டால், எதிர்முனையும் வைக்காதவரை கால் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் அத்தை அப்படி வைத்துவிட்டு, யாரைப் பற்றிப் பேசினாரோ அவர்களே எதிர்முனையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் பொங்கலுக்கு அவர்கள் வரவில்லை.

பெயர்களைப் பதியும்போது அண்ணனின் முழுப் பெயரை இனிஷியலோடு போட்டு வைக்காதீர்கள். அம்மா வாயில் வருகிற மாதிரி ‘பெரியவன்’, ‘பால்காரர்’ என்று போடுங்கள். அதைவிட நல்லது ஸ்பீடு டயல். 2-க்கு நீங்கள், 3-க்கு அண்ணன் என்று வைத்துவிட்டால், அந்தப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். 5-ஆம் பட்டன் மேல் சின்னப் புள்ளியோ கோடோ துருத்திக்கொண்டிருக்கும். அதை விரலால் தடவிப் பிடித்துவிட்டால் மற்ற எண்களெல்லாம் அதன் அக்கம்பக்கம்தான். இலையை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, தலையை மடக்கி நூல் கட்டுவதைப் பார்க்காமலே செய்த விரலுக்கு இது ஒரு வேலையா? உங்களைவிட வேகமாக அடிப்பார், பாருங்கள்.

சிம் விஷயம் ஒன்று உண்டு. அண்ணனின் போன் 2ஜி-யாகத்தான் இருக்கும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம் அதில் வேலை செய்யாது. வேறு கம்பெனி சிம்மைப் போடுங்கள். இப்போது வருகிற குட்டி சிம்முக்கு அடாப்டர் தேவைப்படும். வெறும் அடாப்டரை மட்டும் சொருகிப் பார்க்காதீர்கள். வெளியே இழுக்கும்போது உள்ளே இருக்கும் பின்னைக் கொக்கி போட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

கேள்வி: தாத்தாவின் ஸ்லைடு போனில் ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ என்று அடித்தால் ‘அனா’ என்று வருகிறது. பட்டன் கெட்டுவிட்டதா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, அவசரம்தான் உங்களுடையது. ஒரு பட்டனில் மூன்று, நான்கு எழுத்துகள். 6-ஐ ஒரு தடவை தட்டினால் எம், இரண்டு தடவை தட்டினால் என். நீங்கள் இரண்டு எம் வேண்டுமென்று 6-ஐப் படபடவென்று இரண்டு தடவை தட்டினால், அது ஒரு என் என்று எடுத்துக்கொள்கிறது. முதல் எம் விழுந்ததும், திரையில் அதன் பக்கத்தில் நிற்கும் கோடு (கர்சர்) மறுபடி மின்னுகிற வரை பொறுங்கள், இல்லையென்றால் வலது அம்புப் பட்டனை ஒரு தட்டு தட்டுங்கள். அப்புறம் இரண்டாவது எம். இதே முறையில் ‘வணக்கம்’ அடிக்க 13 தட்டு ஆகும்: வி-க்கு மூன்று, என்-னுக்கு இரண்டு, கே இரண்டுக்கும் இரண்டிரண்டு, மீதி நான்குக்கும் ஒவ்வொன்று. இரண்டு கே-க்கும் நடுவில் மூச்சு விட மறக்காதீர்கள். இடைவெளிக்கு நோக்கியாவில் 0. எண்ணே வேண்டுமென்றால் அந்தப் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

‘டி9’ என்று ஒன்றை ஆன் செய்தால் எழுத்துக்கு ஒரு தட்டு போதும், எந்தச் சொல் என்று போனே ஊகிக்கும். ஆனால் அதற்குத் தெரிந்தது ஆங்கில அகராதி. ‘அம்மா’வுக்கு 2662. ‘அண்ணா’வுக்கும் 2662. வெடிகுண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் அதே 2662! ஒரு காலத்தில் நண்பன் ஒருவன் ஊருக்கு வந்து இறங்கியதும் ‘வந்துட்டேன் அம்மா’ என்று வீட்டுக்கு அனுப்பப்போய், கடைசிச் சொல்லில் வெடிகுண்டு போய்ச் சேர்ந்தது. நல்லவேளை, அவன் அம்மாவுக்கு மெசேஜ் படிக்கத் தெரியாது. டி9-ல் தப்பான சொல் வந்தால் நட்சத்திரப் பட்டனைத் தட்டித் தட்டி அடுத்த சொல்லுக்குப் போகலாம். தங்கிலீஷ் அடிப்பவர்கள் அதை அணைத்து வைப்பதே நிம்மதி.

போனில் தமிழ் எழுத்தே இருந்தால் தமிழிலேயே அனுப்புங்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70-தான். அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் கணக்கு. நாம் ‘வணக்கம்’ என்றால் ஐந்தெழுத்து என்போம், போன் ஏழு என்று எண்ணும்.

கேள்வி: அமெரிக்காவிலிருக்கும் மகன், பக்கவாட்டில் இழுத்தால் முழுக் கீபோர்டு வருகிற பழைய போன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அழகாக இருக்கிறது. சிம் போடும் இடம்தான் தெரியவில்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: தேடாதீர்கள் சார், இருக்காது. அங்கே சிடிஎம்ஏ என்ற முறையில் சிம் இல்லாத போன்கள் நிறைய விற்றார்கள். எண் போனுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். நம் ஊரில் சிடிஎம்ஏ கடையைக் கட்டி வருடக் கணக்காகிறது, அமெரிக்காவிலும் 2022-ல் மூடிவிட்டார்கள். சிம் போடுகிற அமெரிக்க போனாக இருந்தாலும், 850, 1900 அலைவரிசை மட்டும் இருந்தால் இங்கே சிக்னல் வராது, நம்முடையது 900, 1800. அலாரத்துக்கும் கணக்குப் போடவும் வைத்துக்கொள்ளலாம். டைப்ரைட்டிங் தெரிந்த கைக்கு அந்தக் கீபோர்டைச் சும்மா தட்டிப் பார்ப்பதே ஒரு சுகம், எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு.

கேள்வி: மூடியிருக்கும்போது படம் தெரிகிறது. முழுசாகத் திறந்தால் திரை வெள்ளையாகிவிடுகிறது. கடையில் டிஸ்ப்ளே போய்விட்டது என்கிறார்கள்.
– குடும்பத் தலைவி, தென்காசி

பதில்: டிஸ்ப்ளே மாற்றச் சம்மதிக்காதீர்கள் அம்மா. மெதுவாக, நூல் நூலாகத் திறந்து பாருங்கள். பாதியில் படம் இருந்து, ஒரு இடம் தாண்டியதும் போய், திரும்ப மூடும்போது அதே இடத்தில் வந்தால் குற்றவாளி ரிப்பன்தான். திரை மேல் பாதியில், போர்டு கீழ்ப் பாதியில். இரண்டையும் இணைப்பது காகிதம் போல ஒரு மெல்லிய ரிப்பன். ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அது மடிந்து விரியும். நாளைக்கு 30 தடவை என்றால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 11,000 மடிப்பு. உள்ளே ஓடும் செம்புக் கோடு ஒருநாள் விரிசல் விடத்தானே செய்யும்? ரிப்பனை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பழைய மாடலுக்குக் கிடைப்பது சிரமம், செத்துப்போன அதே மாடல் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து எடுக்கலாம்.

பேட்டரியைக் கழற்றும்போது உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். நோக்கியாவாக இருந்து ‘மேட் இன் இந்தியா’ என்று போட்டிருந்தால் அது ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த பிள்ளை. 2006-ல் திறந்த தொழிற்சாலை, 2014-ல் மூடிவிட்டார்கள். நான் அந்த ஸ்டிக்கர் உள்ள போன்களைப் பழைய இரும்புக்குப் போடுவதில்லை. ஒரு டப்பா நிறைய இருக்கிறது, வீட்டில் திட்டு வாங்குகிறேன்.

கேள்வி: பட்டன் போனில் ஜிபே வருமா?
– பூ வியாபாரி, சங்கரன்கோவில்

பதில்: வராது. ஆனால் பணம் அனுப்பலாம். வங்கியில் கொடுத்த எண் அந்த போனில் இருந்தால் *99# என்று அழுத்திக் கால் பட்டனைத் தட்டுங்கள், நெட் தேவையில்லை. 2022-லிருந்து பட்டன் போனுக்கென்றே யுபிஐ 123பே என்று ஒன்றும் இருக்கிறது. ரகசிய எண்ணை மகனிடம்கூடச் சொல்லி அழுத்தச் சொல்லாதீர்கள். போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: பத்து வருடம் பீரோவில் கிடந்த போன். சார்ஜ் போடலாமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: பேட்டரியைக் கழற்றி மேசையில் படுக்கவைத்துப் பம்பரம் மாதிரி ஒரு சுற்று விடுங்கள். தரையோடு ஒட்டிக்கிடந்து உடனே நின்றால் போடலாம், முதல் சார்ஜில் பக்கத்திலேயே இருங்கள். சுற்றிக்கொண்டே இருந்தால் வயிறு உப்பியிருக்கிறது என்று அர்த்தம். சார்ஜரைப் பக்கத்திலேயே கொண்டுபோகாமல் கடையில் கொடுத்துவிட்டு வேறு பேட்டரி வாங்குங்கள்.